ட்ரோபோனின் வரம்பு: ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டுமா?

கேள்வி:
அவசர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெற்று வருகிறேன். மாரடைப்பு ஐயத்துடன் வருவோரின் ட்ரோபோனின் (இதயத்தசை சேதமடையும்போது ரத்தத்தில் கூடும் புரதம்) அளவை, இருபாலருக்கும் ஒரே வரம்பை வைத்து மதிப்பிடுவதா, தனித்தனி வரம்பை வைத்தா என்பதில் எங்கள் மூத்த மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. பெண்களுக்கு அறிகுறிகள் வேறு என்பதால் வரம்பும் வேறு என்று ஒருவர் விளக்கினார். இந்தக் காரணம் சரிதானா?

மறுமொழி 1:
வரம்புக்கும் அறிகுறிக்கும் தொடர்பில்லை. ஆரோக்கியமானவர்களில் 99 விழுக்காட்டினரின் அளவு எதற்குள் அடங்குகிறதோ அதுவே வரம்பு. பெண்களுக்கு அது இயல்பாகவே குறைவு. அபாட் நிறுவனத்தின் உயர் உணர்திறன் ட்ரோபோனின் ஐ பரிசோதனையில் பெண்களுக்கு லிட்டருக்கு 16 நானோகிராம், ஆண்களுக்கு 34. எனவே 20 என்ற அளவு, பொது வரம்பான 26-ஐ வைத்துப் பார்த்தால் ஒரு பெண்ணுக்கு இயல்பானதாகத் தோன்றிவிடும்.

அறிகுறி வேறுபாடும் மிகைப்படுத்தப்படுகிறது. மாரடைப்புக்கு உள்ளான 55 வயதுக்குட்பட்டோரை ஆராய்ந்த விர்கோ ஆய்வில், இருபாலரிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு நெஞ்சு வலியோ அழுத்தமோ இருந்தது. பெண்களுக்கு அதனுடன் வேறு அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன, அவ்வளவே.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னது சரி. ஆனால் வரம்பை மாற்றினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் 48,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் தனித்தனி வரம்புகள் சோதிக்கப்பட்டன. அதனால் இதயத்தசைப் பாதிப்பு புதிதாகக் கண்டறியப்பட்ட பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப் போல் ஐந்து மடங்காக இருந்தும், இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையும் தடுப்பு மருந்துகளும் பெண்களுக்கே குறைவாகக் கிடைத்தன. ஓராண்டில் மறு மாரடைப்போ இறப்போ குறையவும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் சிக்கல் உடலியலில் இல்லை, மருத்துவர்களின் பார்வையில்தான் இருக்கிறது என்று கொள்ளலாமா?

மறுமொழி 3:
இரண்டிலும் இருக்கிறது, பிரித்துப் பார்க்கத் தரவு வேண்டும். பெண்களைப் பற்றிய அந்தத் தரவுதான் நெடுங்காலம் போதிய அளவு இல்லை. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக்கட்ட மருந்து ஆய்வுகளிலிருந்து விலக்கும்படி 1977-இல் அறிவுறுத்திய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 1993-இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. தூக்க மருந்தான சோல்பிடெம், பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுவதால் அவர்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கும்படி 2013-இல் அந்நிர்வாகம் கூறியது; அதற்குள் அம்மருந்து இருபது ஆண்டுகள் புழக்கத்தில் இருந்துவிட்டது. பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த பெண்ணுக்கு, அருகிலிருப்போர் மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி செய்வது ஆண்களை விடக் குறைவு என்பதற்கோ உடலியல் காரணம் ஏதுமில்லை. அங்கே தடுப்பது தயக்கம்.

உங்கள் பிரிவில், நெஞ்சு வலியுடன் வந்தவருக்கு ஈசிஜி எடுக்க ஆகும் நேரத்தை ஆண், பெண் எனப் பிரித்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. ட்ரோபோனின் முடிவு வருவதற்கு முன்பே தாமதம் தொடங்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.