‘முடியாது’ என்று சொன்னால் சாட்சி கெட்டுப்போகுமா?

தோட்டப்பாளையத்து மருமகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு வேலூர் தோட்டப்பாளையத்தில். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். பிரச்சினையே அதுதான். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் போளூர் பக்கம். அங்கே யாருக்குக் கால் வீங்கினாலும், சர்க்கரை ஏறினாலும் முதல் போன் எனக்குத்தான். "அப்பாயின்ட்மென்ட் போட்டு வையம்மா, காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துடறோம்." நோயாளி தனியாக வருவதில்லை. துணைக்கு இரண்டு பேர், கூடவே ஒரு கைக்குழந்தை. டெஸ்ட் ரிசல்ட் நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரியும் எங்கள் வீடுதான். இருப்பது இரண்டே அறை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு என் மகள் சமையல்கட்டில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2022-ல் சிஎம்சி ராணிப்பேட்டை வளாகம் திறந்ததிலிருந்து "நீ அந்தப் பக்கம்தானே போறே, கூட்டிட்டுப் போயேன்" என்பதும் சேர்ந்துகொண்டது.

சபையிலும் இதே கதைதான். ஓய்வுநாள் பள்ளி, கொயர், பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கணக்கு எல்லாம் என் தலையில். போன அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்ததை ஏலம் விட்டபோது ஒரு புடலங்காயை யாருமே கேட்கவில்லை. கமிட்டிக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் கையைத் தூக்கிவிட்டேன். ஐந்நூறு ரூபாய். எங்கள் வீட்டில் புடலங்காயை யாரும் தொடமாட்டார்கள்.

ஊர்ச் சொந்தத்தில் பாதிப்பேர் வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) வராதவர்கள். "வேதக்காரி வீட்டுல ஒரு ராத்திரி படுக்க இடம் இல்லியாம்" என்று பேசிவிட்டால், நம் நடத்தையால் கிறிஸ்துவுக்குச் சொல்லும் சாட்சி என்னாவது? ஒரு மைல் வரச் சொன்னால் இரண்டு மைல் போ என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே! போதாததற்கு சிஎம்சியை ஆரம்பித்த ஐடா ஸ்கட்டர் அம்மா கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள் என்பார்கள். யார் கதவைத் தட்டினாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. வாயில் சிரிப்பு, உள்ளே கொதிப்பு. இது எந்தக் கணக்கில் சேரும்?

குடியாத்தம் பிரதர்:

கலாத்தியர் 1:10 வாசியுங்கள் சிஸ்டர். "நான் இன்னும் மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாயிருந்தால் நான் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்லவே." அவ்வளவுதான். போனை எடுக்காதீர்கள்.

பாகாயம் அம்மா (ரிட்டையர்டு நர்ஸ்):

தம்பி, போனை எடுக்காமல் ஒளிவதும் மனுஷருக்குப் பயப்படுகிற பயம்தான். சுவிசேஷத்தைப் புரட்டுகிறவர்கள் விஷயத்தில் பவுல் எழுதின வசனம் அது. விருந்தாளியை விரட்டச் சொல்லி எழுதினதில்லை. அதே பவுல் ரோமர் 15:2-ல், பிறனுடைய "பக்திவிருத்திக்கேதுவான நன்மையுண்டாகும்படி அவனுக்குப் பிரியமாய் நடக்கக்கடவன்" என்கிறார். நன்மை அவனுக்கா, நல்ல பேர் நமக்கா? அங்கேதான் இடிக்கிறது.

மகளே, ஐடா அம்மா கதையை முழுசாகக் கேள். திண்டிவனத்தில் நடந்தது. அப்போது அவர் டாக்டர் இல்லை, இருபது வயசை ஒட்டின பெண். பிரசவம் பார்க்க வரச்சொல்லி ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவர் வருவார்" என்றுதான் சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர்கள் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தத் துக்கம்தான் அவரைப் படிக்க அனுப்பியது. 1899-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம், 1900-ல் வேலூர். கதவைத் தட்டினார்களே என்பதற்காகத் தெரியாத வேலையைத் தெரியும் என்று அவர் கிளம்பிப் போகவில்லை.

வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். வருகிறவர்களுக்கு உன் வீட்டுப் பாயைவிட முக்கியம், பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது. வெறும் வயிற்றோடு டெஸ்ட் என்றால் முந்தின நாளே சொல்லிவிடு. தங்குவதற்குக் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் எத்தனை லாட்ஜ்! வங்காளத்துக்காரர்கள் அங்கே ரூமிலேயே சமைத்துச் சாப்பிட்டு வாரக்கணக்கில் இருக்கிறார்கள்.

சொல்லும்போது ஒரே காரணம், உண்மையான காரணம். "பிள்ளைக்குப் பரீட்சை, இந்தத் தடவை தங்க முடியாது சித்தி." குழாயில் தண்ணீர் வரவில்லை, மாமியாருக்குக் காய்ச்சல் என்றெல்லாம் ஜோடிக்காதே. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொல்லியிருக்கிறது (மத்தேயு 5:37). நல்ல பேருக்கு ஆசைப்படுகிறவர்கள் அதிகம் பொய் சொல்வது இங்கேதான்.

ஆற்காட்டு வாத்தியார்:

மாற்கு முதல் அதிகாரத்தையும் பாருங்கள். கப்பர்நகூமில் சாயங்காலம் ஊரே வாசலில் கூடியிருந்தது, இயேசு அநேகரைச் சுகமாக்கினார். மறுநாள் இருட்டோடு எழுந்து ஜெபம்பண்ணப் போய்விட்டார். "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீமோன் தேடி வந்து சொல்கிறார். ஆண்டவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார்.

அப்புறம் ஒரு சந்தேகம். போன் வருவது உங்களுக்கு, சமைப்பது நீங்கள், கூட்டிப்போவது நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் எங்கே? அவருடைய ஜனத்துக்கு அவர் பதில் சொல்லட்டுமே.

தோட்டப்பாளையத்து மருமகள்:

வாத்தியார் ஐயா எழுதினதை வீட்டுக்காரரிடமே காட்டினேன். "சரி, இனிமே என் நம்பரைக் கொடு" என்றார். கொடுத்தேன். சின்ன மாமாவிடமிருந்து போன், முழங்கால் வலியாம். இவர் "அதுக்கென்ன மாமா, குடும்பத்தோட வாங்க" என்கிறார்! எனக்கு இருக்கிற வியாதி இவருக்கும் இருக்கிறது, இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் தெரியவில்லை.

அப்புறம் நானே கூப்பிட்டேன். அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு மாமா, ரிஜிஸ்ட்ரேஷன் வரைக்கும் இவர் கூட வருவார், சாப்பாடு நம்ம வீட்டில், படுக்கை மட்டும் லாட்ஜில், பாப்பாவுக்குப் பரீட்சை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. "லாட்ஜுல வாடகை எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

எனக்கே தெரியாது. பாபு ராவ் தெரு பக்கம் இப்போது என்ன வாடகை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கமிட்டிக்காரரிடம் இன்னும் பேசவில்லை, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப்போகிற கீத பவனிக்கு லிஸ்ட் போடுவதற்குள் பேசவேண்டும்.