மூளைக் களைப்பை எண்ணால் அளக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. நாள் முழுக்க மொழிபெயர்ப்பு வேலை; மாலையில் மூளை ஓய்ந்துவிடுகிறது. களைப்புக்கு நானே 10-க்கு மதிப்பெண் போட்டால், அது அன்றைய மனநிலையைத்தான் காட்டுகிறது. அதனால் இரண்டு வாரமாக பிவிடி என்னும் எதிர்வினை நேரச் சோதனை செய்கிறேன். 10 நிமிடம், திரையில் எண் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். 500 மில்லிவினாடியைத் தாண்டித் தாமதமாக அழுத்திய தடவைகளை, அதாவது தவறல்களை, எண்ணி வைக்கிறேன். நிறப் பெயரைப் படிக்காமல் அது எழுதப்பட்ட நிறத்தைச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனையை விட்டுவிட்டேன், பழகப் பழக வேகம் கூடிவிடுகிறது.

ஆனால் பிவிடி தூக்கக் குறைவை அளக்கத்தானே பெயர் பெற்றது? நன்றாகத் தூங்கிய நாளில், வேலையால் மட்டும் வரும் களைப்பை அது பிடிக்குமா? இதுதான் என்னை உறுத்துகிறது. இதயத் துடிப்பு மாறுபாட்டையும் (துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் மாறும் அளவு) சேர்த்து அளந்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், 10 நிமிடத்துக்குப் பதில் 3 நிமிட பிவிடி சோதனையே போதுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.