பிளாஸ்மா நைட்ரைடிங் செய்தபின் டைட்டானியத்தில் அரிமானம் கூடுவது ஏன்?

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் உள்ள டைட்டானியம் கலவையில் சிறு வட்டத் தட்டுகளை எடுத்து, 850 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் பிளாஸ்மா நைட்ரைடிங் (அயனியாக்கிய வாயுவிலிருந்து மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்குவது) செய்தேன். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயு. வெளியே எடுத்தபோது அழகான பொன்னிறம். எக்ஸ்ரே சோதனையில் டைட்டானியம் நைட்ரைடு தெரிந்தது, கடினத்தன்மையும் ஏறியிருந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் 3.5 சதவீத உப்புக் கரைசலில் போலரைசேஷன் சோதனை (மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி மின்னோட்டத்தை அளப்பது) செய்தால், அரிமான வேகத்தைக் காட்டும் அரிமான மின்னோட்டம் நைட்ரைடிங் செய்யாத தட்டைவிட அதிகம்! டைட்டானியத்தின் மேல் தானாக உருவாகி அதை அரிமானத்திலிருந்து காக்கும் ஆக்சைடு சில நானோமீட்டர் தடிமன்தான். அதை லேசாக எடைபோட்டுவிட்டேன்.

என் சந்தேகம் சொரசொரப்பின் மேல். அயனிகள் மோதி மோதி உண்மையான பரப்பளவு கூடியிருக்கும், நான் வட்டத்தின் பரப்பை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன். விளிம்பை ஒட்டி நிறம் மாறிய வளையமும் இருக்கிறது. அதை மறைக்காமல் சோதித்தது என் தப்பு.

வெப்பநிலையை 700க்கு இறக்கினால் படலம் மெலிந்தாலும் நுண்விரிசல் குறையுமா? ஹைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் கலந்து பார்த்தவர்கள் உண்டா? டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சும் என்பதால் அந்தப் பயமும் இருக்கிறது. பேசாமல் மின்பகுளி பிளாஸ்மா ஆக்சிஜனேற்றத்துக்கு (கரைசலில் மின்பொறிகளால் தடித்த ஆக்சைடு வளர்ப்பது) மாறு என்றாலும் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் தேய்மானத்தையும் தாங்க வேண்டும். வரைபடங்கள் வேண்டுமென்றால் போடுகிறேன்.