'த்ரீஸ் கம்பெனி' பற்றிய டிவி படம்: ஜாய்ஸ் டிவிட் சொல்வதை அப்படியே நம்பலாமா?

மீனா_எடிசன்:
வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வளர்ந்தவள். பள்ளி விட்டு வந்ததும் அம்மா தோசை ஊற்றித் தர, மறுஒளிபரப்பில் 'த்ரீஸ் கம்பெனி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்ப்பேன். கிரிஸ்ஸியாக நடித்த சுசான் சோமர்ஸ் ஐந்தாவது சீசனில் திடீரென்று ஃபோனில் மட்டும் பேச ஆரம்பித்தார். அப்புறம் ஆளையே காணோம். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க ஃப்ரெஸ்னோ போயிருக்கிறாள் என்று கதையில் சொன்னதை அப்படியே நம்பினேன்.

இந்த சிட்காமின் திரைக்குப் பின்னால் நடந்ததை வைத்து 2003 மே மாதம் என்பிசியில் வந்த படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். ஜேனட்டாக நடித்த ஜாய்ஸ் டிவிட்டே அதில் வந்து கதை சொல்கிறார். இணைத் தயாரிப்பாளரும் அவர்தான். சுசானின் சம்பளச் சண்டையில் ஒரு பக்கம் நின்றவர் சொன்னால் அது எப்படி முழுக்கதை ஆகும்? 1980இல் எபிசோடுக்கு 30,000 டாலர் வாங்கிய சுசான், நாயகனாக நடித்த ஜான் ரிட்டருக்கு இணையாக 1,50,000 கேட்டார். அதில் என்ன தப்பு? படம் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தயாரிப்பு_நிர்வாகி:
சம்பளம் கேட்டது தப்பே இல்லைம்மா. லாபத்தில் பத்து சதவீதமும் கேட்டார், அதுவும் அவர் உரிமை. ஆனால் விலா எலும்பில் அடி என்று சொல்லிச் சில ரெக்கார்டிங்குக்கு வரவில்லை. ஆள் வரவில்லை என்றால் எழுதி வைத்த காட்சியை அன்றைக்கே பிரித்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சுமை ஜாய்ஸ் தலையிலும் ரிட்டர் தலையிலும்தான் விழுந்திருக்கும். ஜாய்ஸின் கோபம் எனக்குப் புரிகிறது.

எடிட்டர்_ரவி:
மீனா, நான் சென்னையில் 19 வருடமாக சீரியல் எடிட் செய்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்த ஃபோன் காட்சிகள்தான் நினைவுக்கு வந்தன.

எபிசோடுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். மற்ற இருவரும் இல்லாத நாளில் சுசானைத் தனியாக வரவழைத்து எடுத்தார்கள். காவலாளியோடு பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பார்வையாளர்களை உட்கார வைத்து அவர்கள் முன்னால் நடிக்கும் நிகழ்ச்சி அது. சிரிப்பு எழும்பி, அடங்கப் போகும் நேரம் பார்த்து அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும். ரிட்டர் சோபாவில் தடுக்கி விழுந்தால் பாதிச் சிரிப்பு பக்கத்தில் நிற்கிற கிரிஸ்ஸியின் முகத்தில்தான் இருக்கும். அப்படி நடித்துப் பழகியவர் கையில் ரிசீவரைக் கொடுத்து, எதிரே ஆளே இல்லாமல் பேசவிட்டால் எப்படி இருக்கும்?

நான் வேலை பார்த்த ஒரு சீரியலில் அக்கா வேடம் செய்தவர் நாள் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். அடுத்த வாரமே கதையில் அவரைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய எபிசோடிலிருந்து அவர் ஃபோன் பேசுகிற ஷாட் ஒன்றைத் தேடி எடுக்கச் சொன்னார்கள். பச்சைப் புடவை, வலது காதில் ஃபோன், பின்னால் காலண்டர். உதடு அவருடையது, குரல் வேறு ஒருவருடையது. நான்தான் ஒட்டினேன். நான்கு எபிசோடுக்கு அதே ஷாட், அதே காலண்டர், தேதிகூட மாறவில்லை. பிறகு கதையில் அவர் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. அன்றைக்கு அவருக்கு ஒரு ஃபோன் போட்டுப் பேசியிருக்கலாம். பேசவில்லை. இன்னும் உறுத்துகிறது.

அதனால் ஜாய்ஸ் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பட்டதை அவர் சொல்கிறார். ஆனால் 1981இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது தொடரை ஒளிபரப்பிய சேனலும் தயாரிப்பாளர்களும். வழக்குப் போட்ட சுசானுக்குக் கடைசியில் கிடைத்தது சம்பளம் தராத ஒரே ஒரு எபிசோடுக்கான 30,000 டாலர். பணத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் நகர்ந்துகொள்ள, கூட நடித்த இரண்டு பெண்கள் முப்பது வருடம் பேசாமல் இருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

தயாரிப்பு_நிர்வாகி:
ரவி சொல்வது சரி. 2012இல் சுசான் நடத்திய இணைய நிகழ்ச்சிக்கு ஜாய்ஸ் வந்தார், இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மீனா, அதையும் தேடிப் பாருங்கள். ரிட்டர்தான் இல்லை. இந்தப் படம் ஒளிபரப்பான நான்கே மாதத்தில், 2003 செப்டம்பர் 11இல் போய்விட்டார், 54 வயது. சுசானும் 2023இல் காலமானார்.

மீனா_எடிசன்:
நன்றி ரவி அண்ணா, நன்றி சார். அந்த 2012 நிகழ்ச்சியைப் பார்த்தேன், அழுதுவிட்டேன். நேற்று ராத்திரி ஐந்தாவது சீசனைத் திரும்பப் போட்டேன். ஃபோன் காட்சி வரும்போது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணு இன்னும் ஊர்ல இருந்து வரலையா?" என்று கேட்டார்.