குரோம்வெல் மட்டும் எப்படி ராணுவப் பதவி போகாம தப்பிச்சாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, இங்க வரலாறு படிச்சவங்க இருக்கீங்கங்கற தைரியத்துல கேக்கறேன். இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல பார்லிமென்ட் பக்கம் உண்மையில யார் தலைமைன்னு காலேஜ் செமினார்ல பேசணும். எதிர்ப்பக்கம் ஈசி, ராஜா சார்லஸ். இந்தப் பக்கம்தான் தலை சுத்துது.

பார்லிமென்ட்ல முன்னணித் தலைவரான எம்பி ஜான் பிம் இருந்த வரைக்கும் ஓகே, மனுஷன் போர்க்களத்துப் பக்கமே போகல, ஆனா வரி போட்டு காசு பொரட்டி, 1643ல ஸ்காட்லாந்துக்காரங்களோட ஒப்பந்தமும் முடிச்சு, அந்த டிசம்பர்லயே போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் போர நடத்த ரெண்டு நாட்டுக்காரங்களும் சேந்து ஒரு கமிட்டி. பார்லிமென்ட் படைத் தளபதி எசெக்ஸ் பிரபு என்னடான்னா 1644ல லாஸ்ட்விதியல்ங்கற ஊர்ல ராஜா படைகிட்ட மாட்டிக்கிட்டு, காலாட்படைய அம்போன்னு விட்டுட்டு மீன்பிடி படகுல ஏறி பிளிமத்துக்கு எஸ்கேப் (இவரு தளபதியாம்!).

இப்ப என் டவுட்டு. 1645 ஏப்ரல்ல, எம்பியோ பிரபுவோ யாரா இருந்தாலும் ராணுவப் பதவிய விடணும்னு சட்டம் வருது. எசெக்ஸ், இன்னொரு தளபதி மான்செஸ்டர் பிரபு ரெண்டு பேரும் அவுட். புதுப் படைக்குத் தலைவரான ஃபேர்ஃபாக்ஸ் அப்ப எம்பி இல்ல, சரி. குரோம்வெல் எம்பிதானே, ஜூன் 14ல நேஸ்பி சண்டையில பார்லிமென்ட் குதிரைப்படைய நடத்தறாரே? பதவிய தற்காலிகமா நீட்டிச்சாங்க, ஃபேர்ஃபாக்ஸ் கேட்டாருன்னு மட்டும் போட்டிருக்கு. சட்டமே பழைய பிரபுக்கள கழட்டி விடறதுக்குத்தானா, இல்ல நெஜமாவே அவசரத்துக்குக் குடுத்த விதிவிலக்கா? தமிழ்ல நல்ல கட்டுரை இருந்தா லிங்க் போடுங்க ப்ளீஸ், அடுத்த வாரம் செமினார்.