டா வின்சி கோட்: முடிச்சிட்டேன் (புதுப்பிப்பு)

போன வாரம் டான் பிரவுனோட 'தி டா வின்சி கோட்' நாவல் பாதியில நிக்குது, இதப் போய் ஏன் இவ்ளோ கொண்டாடுறாங்கன்னு கேட்டிருந்தேன்ல, நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு முடிச்சிட்டேன்.

கீழ வைக்கவே முடியல, அது நெசம். அந்த கிரிப்டெக்ஸ, அதாவது ரகசியச் சேதிய வச்சுப் பூட்டின உருளைய, உடைச்சா உள்ள இருக்கிற வினிகர் குப்பி உடைஞ்சு சேதி எழுதின பாப்பிரஸ் தாள் கரைஞ்சிடும்னு வர்ற இடத்துல மூச்சப் பிடிச்சிட்டு படிச்சேன். ஆனா கதாநாயகன் லாங்டன் வாயத் தொறந்தாலே கிளாஸ் எடுக்கிற மாதிரி இருக்கு. அதக்கூட விட்டுடலாம், கதைக்கு முன்னாடியே 'உண்மை'ன்னு தலைப்பு போட்டு பிரையரி ஆஃப் சியான் 1099ல ஆரம்பிச்ச ரகசிய சங்கம்னு எழுதியிருக்காரு, தேடிப் பாத்தா அது 1956ல பியர் பிளான்டார்ங்கிறவரு பிரான்ஸ்ல பதிவு பண்ண சங்கம். கதைன்னு சொல்லியிருந்தா சந்தோஷமா நம்பியிருப்பேன், உண்மைன்னு சொன்னதுதான் மனசுக்கு ஒப்பல.

பாதியில விடாதன்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றிங்க.