கார் நிற்கும்போது இன்ஜின் உதறுவதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். ஐடிஐ மோட்டார் வாகன மெக்கானிக் மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, அது உதறினால் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது பற்றிய பாடத்தில் சிக்கிக்கொண்டேன். இப்போதைக்கு ‘வெற்றோட்ட நடுக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

சொல்லாய்வர்:
வெற்றோட்டம் வேண்டாம். கோயில் தேருக்கு விடும் வெள்ளோட்டத்தோடு குழம்பும். ‘வறிது சிறிதாகும்’ என்பது தொல்காப்பியத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது சிறிதளவு காற்றும் சிறிதளவு பெட்ரோலும்தானே போகின்றன? எனவே வறிதோட்டம். அதே உரியியலில் ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்றும் வருகிறது. அதிர்வை ஏற்கெனவே வைப்ரேஷனுக்குக் கொடுத்துவிட்டோம். மிச்சம் இருப்பது விதிர்ப்பு. ஆக, ‘வறிதோட்ட விதிர்ப்பு’. ஐட்லிங் என்றே எழுதலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். டகர மெய்க்குப் பின் லகரம் வராது. ‘டறலள என்னும் புள்ளி முன்னர்’ நூற்பாவைப் பார்க்க.

ஐடிஐ ஆசிரியர்:
ஐயா, விதிர்ப்பு என்று போர்டில் எழுதினால் பையன்கள் எதிர்ப்பு என்று படிப்பார்கள். அது கிடக்கட்டும். உதறலுக்கு ஒரே சொல் போதும் என்று எல்லோரும் எப்படி முடிவு கட்டினீர்கள்? பட்டறையில் அது மூன்று வேறு பழுது.

ஒன்று, மிஸ்ஸிங். நாலு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை. சைலன்சர் வாய்க்குக் கொஞ்சம் தள்ளி உள்ளங்கையைக் காட்டினால் புகை சீராக வராமல் விட்டு விட்டு இடிக்கும். ஸ்கேனர் பி0302 என்ற பழுது எண்ணைக் காட்டினால் இரண்டாம் சிலிண்டர். அதன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்ட வேண்டும். எண் பி0303 என்று மாறினால் காயில் போச்சு. மாறாமல் அங்கேயே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பார்க்கணும். அதுவும் இல்லையென்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

இரண்டு, ஆர்பிஎம் முள் 600க்கும் 1000க்கும் நடுவே ஏறி இறங்குவது. காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கும், இல்லையென்றால் வெடித்த வேக்குவம் ஹோஸ் வழியாகவோ மேனிஃபோல்டு கேஸ்கட் வழியாகவோ கணக்கில் வராத காற்று நுழையும்.

மூன்று, முள் 800இல் அசையாமல் நிற்கும். ஸ்டீயரிங்கும் சீட்டும் மட்டும் உதறும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரில் போட்டால் இன்னும் கூடும். அது பெரும்பாலும் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நைந்ததால். இதற்குப் பிளக் மாற்றினால் காசுதான் தண்டம். மூன்றையும் ‘நடுக்கம்’ என்று எழுதிக் கொடுத்தால் பையன் மூன்றுக்கும் பிளக்கைத்தான் கழற்றுவான்.

சொல்லாய்வர்:
அருமை! இரண்டாவதற்குச் சொல் தயாராக இருக்கிறது. ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி.’ நிலைகொள்ளாமல் அலைவது அலமரல். இதைவிட என்ன வேண்டும்?

பட்டறைக்காரர்:
பையன் அலமாரி என்பான்.

சொல்லாய்வர்:
அலமாரி போர்த்துக்கீசியச் சொல். சாவி, மேசை, ஜன்னல் எல்லாம் அந்த வழி வந்தவைதான்.

பட்டறைக்காரர்:
வந்து வீட்டில் உட்கார்ந்தே விட்டனவே! அந்த இடத்தில் மிஸ்ஸிங்கும் உட்காரட்டும்.

தனித்தமிழ் அன்பர்:
இப்படியே எத்தனை சொல்லுக்கு இடம் கொடுப்பீர்கள்? இன்ஜினைப் பொறி என்றும் ஸ்பார்க் பிளக்கைப் பொறிச்செருகி என்றும் எழுதினால் எவருக்குப் புரியாது?

பட்டறைக்காரர்:
‘பொறியில் பொறி வராததால் பொறி நடுங்குகிறது.’ எதைக் கழற்ற? பட்டறையில் எலிப்பொறி ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாண உறுப்பினர்:
நாங்கள் எஞ்சின் என்றுதான் எழுதுவோம், இன்ஜின் என்று எழுதுவதில்லை. முதலில் அதைத் தீர்ப்போமா?

ஐடிஐ ஆசிரியர்:
தயவுசெய்து வேண்டாம் அண்ணா. மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு கேள்வி. அந்தக் கணக்கில் வராத காற்றுக்கு, அதாவது வேக்குவம் லீக்குக்கு, என்ன போட்டிருக்கிறீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
காற்றுக் கசிவு.

ஐடிஐ ஆசிரியர்:
அதைத்தான் பயந்தேன். கசிவு என்றால் பையன் வெளியே போகிற காற்றைத் தேடுவான். இங்கே இன்ஜின் உறிஞ்சுகிறது, காற்று உள்ளே நுழைகிறது. சந்தேகப்படும் இணைப்பில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை லேசாகப் பீய்ச்சினால் இன்ஜின் சத்தம் மாறும், ஓட்டை அங்கேதான். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் பீய்ச்சக் கூடாது, தீப்பிடிக்கும். ‘திருட்டுக்காற்று’ என்று வைத்தால் என்ன?

தனித்தமிழ் அன்பர்:
பாடநூலில் திருட்டா? ‘புகுகாற்று’ என்க. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

பட்டறைக்காரர்:
ஃபில்டர் வழியாக முறையாக வருவதும் புகுகிற காற்றுதானே ஐயா?

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் வெற்றோட்டத்துக்குத்தான் ஆதரவு அதிகம். மிஸ்ஸிங்குக்கு ‘எரிதவறல்’, முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே மிஸ்ஸிங் என்றும் எழுதிவிடுகிறேன். எரி தவறியது என்று விரிவதால் ஒற்று மிகாது, அதற்கு யாரும் மடல் போட வேண்டாம். முள் ஆடுவது ‘ஏறியிறங்கல்’. மவுண்டிங்கால் வருவது வெறும் ‘அதிர்வு’. திருட்டுக்காற்றை ஆசிரியருக்காக வைத்துக்கொள்கிறேன்.

சொல்லாய்வர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஏசி போட்டதும் கம்ப்ரசர் சுமைக்கு ஈடுகொடுக்க ஐட்லிங் கொஞ்சம் ஏற்றப்படுகிறது. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது. இத்தனை சுமை இழுக்கும் ஓட்டம் எப்படி வெற்றோட்டம் ஆகும்? பதில் வந்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.

ஐடிஐ ஆசிரியர்:
நீங்கள் அனுப்பிவிடுங்கள். ஐயாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.